தலை சுத்துதா என்று கேட்காதே

மார்ச் 4, செவ்வாய்

நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றி இன்றோடு இருபத்தாறு நாள். காலையில் கட்டிலை விட்டு எழுந்தேன், அலமாரி நகர்ந்தது. அது நகராது என்று எனக்குத் தெரியும். சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டவனே நான்தான். இருந்தும் நகர்ந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருபதுவரை எண்ணியபிறகுதான் தன் இடத்துக்குத் திரும்பியது.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல்: "தலை சுத்துதா?"

இல்லை என்றேன்.

ஒரு நாளைக்கு முப்பது தடவை இதே கேள்வி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வருகைப்பதிவு எடுப்பதுபோல என்னிடம் எடுக்கிறாள். எனக்காக இரண்டு மாதம் விடுப்பு போட்டிருக்கிறாளாம். யார் கேட்டது? ஃப்ரிட்ஜ் கதவில் கட்டம் போட்ட தாள் வேறு: மாத்திரை, வேளை, நாடி, எடை. முப்பத்திரண்டு வருஷமாக ஊரிலிருக்கும் லிஃப்டுக்கெல்லாம் பராமரிப்பு அட்டவணை மாட்டிவிட்டு வந்தவன் நான். இப்போது எனக்கே ஒன்று மாட்டியாகிவிட்டது.

காலை மாத்திரை ஐந்தையும் அவள் கண்ணெதிரே விழுங்கினேன். பிறகு அறைக்குள் வந்து, கட்டிலுக்கடியில் இருக்கும் கருவிப் பையிலிருந்து என்னுடையதில் ஒன்று.

மார்ச் 5

மூன்று முறை சுற்றியது. மூன்று முறை இல்லை என்றேன்.

மார்ச் 6, வியாழன்

என்னுடைய மாத்திரையைப் பற்றி எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்.

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைச் சோதிப்பார்கள். ரத்த அழுத்தம் இருப்பவனை லிஃப்ட் குழிக்குள் விடமாட்டார்கள். கீழே ஒரு மேஜையைப் போட்டு, புகார் வரும் போனை எடுக்கச் சொல்லி உட்காரவைத்துவிடுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் எனக்கு அழுத்தம் என்று தெரிந்தது. கம்பெனிக்குத் தெரியாமல் வெளியே ஒரு டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில், ஏதாவது ஒரு மொட்டைமாடி மோட்டார் அறையில் நின்று ஒன்று விழுங்குகிறேன். ஒவ்வொரு வருஷமும் சோதனையில் தேறினேன். இவளுக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த நாளே என்னைக் குழியிலிருந்து வெளியே இழுத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் சேரும்போது, வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். அவர்கள் காகிதம் நேராகக் கம்பெனி டாக்டரின் மேஜைக்குத்தான் போகும். எனக்கென்ன பைத்தியமா?

அங்கே இருந்த பத்து நாள் என்னுடையதை விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். பதினோரு வருஷம் என்னைக் காப்பாற்றியது அதுதான். நேற்று முளைத்த இந்தக் கலர் கலர் மாத்திரைகள் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

உள்ளே வைத்திருப்பது உலோக வால்வு. அறை அமைதியாக இருந்தால் சத்தம் கேட்கிறது. டிக். டிக். எந்த இயந்திரமானாலும் சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பெயர். இதை மட்டும் எத்தனை நேரம் கேட்டாலும் பிடிபடவில்லை. ஏதோ தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள், அது மட்டும் நிச்சயம்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று அறுவை டாக்டர் இரண்டு நிமிஷம் வந்து நின்றார். தலைசுற்றல் கொஞ்ச நாள் இருக்கும், உடம்பு பழகிக்கொள்ளும் என்றார். நான் ஒரு லிஃப்டை மாட்டிவிட்டு, கொஞ்ச நாள் ஆடும், பழகிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் என்னைச் செருப்பால் அடிப்பார்கள்.

மார்ச் 10, திங்கள்

நெட்டை வந்தான். பதினான்கு வருஷமாக என் கீழே வேலை பார்ப்பவன். இப்போது என் வேலைகளையெல்லாம் பார்த்துக்கொண்டு, என் இடத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டு நிற்பவன். கையில் ஆப்பிள் பை, முகத்தில் துக்கம். எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு விரல்கடை தாழ்வாக நிற்கிறது என்றான். தெரியும் என்றேன். அதைப் பராமரிப்பவர்களை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். அந்த ஒரு நிமிஷம்தான் நன்றாக இருந்தது.

இவள் டீ போட உள்ளே போனதும் குனிந்து, குரலை இறக்கிக் கேட்டான்: "அண்ணே, அந்த மாத்திரைய ஆஸ்பத்திரில சொல்லிட்டீங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்த மாத்திரை என்றேன்.

"மோட்டார் ரூம்ல போடுவீங்களே."

தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாகவோ தெரிந்திருக்கிறது. கிளம்பு என்றேன். டீ வருவதற்குள் போய்விட்டான். ஏன் அதற்குள் போய்விட்டார் என்று இவள் கேட்டாள். வேலை இருக்காம் என்றேன். அப்படியே விடுவாளா?

"முகம் வெளுத்துக் கெடக்கே. தலை சுத்துதா?"

கத்திவிட்டேன். இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று, கீழ்வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். கத்தியபோதும் சுற்றியது.

மார்ச் 12, புதன்

ஆபீஸ் குமாஸ்தா போன் செய்தார். தலைமை மெக்கானிக் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி நெட்டையிடம் இரண்டு தடவை கேட்டார்களாம். அண்ணன் திரும்பி வரட்டும் என்று மறுத்துவிட்டானாம். என்ன நடிப்பு! ஒரு வார்த்தை ஆபீசில் போட்டுக்கொடுத்தால் போதும், இடம் அவனுக்கு. அதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழிக்குள் இறங்குகிறவன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். போட்டவனைத் தவிர யாரும் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. முதலாளியே வந்து நின்றாலும் கூடாது. அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். இப்போது என் பூட்டிலேயே கைவைக்கப் பார்க்கிறான்.

மார்ச் 14, வெள்ளி

இதய கிளினிக். அங்கே ஒரு கறார் நர்ஸ். படுக்கவைத்து அழுத்தம் பார்த்தாள், நூற்றுப் பத்து. நிற்கவைத்துப் பார்த்தாள், எண்பத்தாறு. நாடி நாற்பத்து நான்கு. அவள் புருவம் ஏறியது.

லிஸ்டில் இல்லாத மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்: "இல்லம்மா. எல்லாம் நான்தான் எடுத்துக் குடுக்கறேன். ஒரு வேளை கூடத் தவறல." அந்தத் தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். விரித்துக் காட்டினாள். பெருமையாக.

நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் சொன்னது: வால்வு மாற்றும்போது சில பேருக்கு இதயத்துக்குள் போகும் மின்பாதை அடிபடும், அதனால் நாடி தாழும். இப்போது தரும் மாத்திரைகளில் ஒன்றும் நாடியைக் குறைப்பதுதான். அதை முதலில் பாதியாக்கிப் பார்க்கலாம். பதினொரு நாளில் ஏறாவிட்டால் தோலுக்கடியில் பேஸ்மேக்கர். அதை வைத்துக்கொண்டு பெரிய மோட்டார்கள் பக்கத்தில் வேலை செய்யலாமா என்று கேட்டேன். யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். யோசிப்பாராம்! வால்வு மாற்றப் போனவன் ஒயரை வெட்டியிருக்கிறான். இப்போது அதை மறைக்க இன்னொரு தடவை கத்தி. நான் என்ன இவனுங்க தொழில் பழகுற லிஃப்ட் பெட்டியா?

மார்ச் 17, திங்கள்

அந்த மாத்திரையை இவள் பிளேடால் பாதியாக வெட்டுகிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. சரிபாதி வராவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று. அவர்கள் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும். என்னுடையது முழுசாக இருக்கிறது.

நாடி 45.

மார்ச் 18

43. குளித்துவிட்டுத் தலை துவட்டக் குனிந்தேன். தரை எழுந்து வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

இன்று சுவர் கைக்கு எட்டவில்லை.

குளியலறையில் விழுந்தேன். தலை தப்பியது. இடுப்பும் தொடையும் வாளியின் மேல். ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேறு ஓடுகிறது, மதியத்துக்குள் தொடை முழுக்கக் கறுத்துவிட்டது. என் எடையில் பாதிகூட இல்லாதவள், நெஞ்சுத் தையலில் கை படாமல், அக்குளுக்குள் கையைக் கொடுத்து என்னைத் தூக்கினாள். கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள், படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எல்லா மாத்திரை அட்டைகளையும் பரப்பிவைத்து இவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை வாங்கியது, எத்தனை தீர்ந்தது, எத்தனை மீதி. ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன். ரெண்டு தடவையா எதையோ குடுத்திருக்கேன். இல்லைன்னா ஏன் இப்படி எறங்கணும்?"

கணக்கில் தப்பே செய்யாதவள். நான்கு தடவை எண்ணினாள். நான்கு தடவையும் சரியாக வந்தது. ஐந்தாவது தடவை எண்ணவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

மார்ச் 20, வியாழன்

அவள் கடைக்குப் போன நேரத்தில் என் அட்டையையும், அவள் பாதியாக வெட்டும் மாத்திரையின் அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எந்த மோட்டாரைப் பார்த்தாலும் முதலில் அதன் தகட்டைப் படிப்பவன் நான். இத்தனை நாள் இதைப் படிக்கவில்லை. பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர். கீழே பொடி எழுத்தில் மருந்து ஒன்றேதான். என்னுடையதில் அளவு இரண்டு மடங்கு.

எவனும் எந்த ஒயரையும் வெட்டவில்லை.

யாரிடமாவது கோபப்பட்டாக வேண்டும்போல இருந்தது. நெட்டைக்குப் போன் போட்டேன். யாரிடமெல்லாம் சொன்னாய் என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"யாருகிட்டயும் சொல்லலண்ணே. பூட்டு உங்களுது, நான் எப்படிக் கழட்டுவேன்? ஆளு இன்னும் குழிக்குள்ளயே இருக்காரேன்னு பயந்துதான் அன்னிக்குக் கேட்டேன்."

எப்போதிருந்து தெரியும் என்றேன். முதல் வருஷத்திலிருந்தே என்றான். நான் போனை வைத்துவிட்டேன். பத்து வருஷத்துக்கு மேலாக என் இடம் அவன் நாக்கு நுனியில் இருந்திருக்கிறது. அவன் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். அட்டையை அவளுடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எடுத்துப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். எத்தனை வருஷமாக என்று கேட்டாள். பதினொன்று என்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும்.

"முந்தாநாள் நாலு தடவ எண்ணினேன். பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கிழிக்காமல் மெதுவாக உரித்து என் முன்னால் வைத்தாள். "இனிமே நீங்களே எழுதிக்கங்க."

மார்ச் 22, சனி

கிளினிக்குக்கு நானே போன் செய்து சொன்னேன். கறார் நர்ஸ் மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டாள். பிறகு, உங்கள் பொய்யை நம்பி உங்களுக்கு ஒரு கருவி வைத்திருப்போமே சார் என்றாள். என்னுடையதை இன்றோடு நிறுத்தச் சொன்னாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதற்குமுன் யாரும் என்னை இப்படிப் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

நாடி 59. நின்றபோது அழுத்தம் நூற்றெட்டு. பேஸ்மேக்கர் வேண்டாம் என்றார்கள். இவளும் கூட வந்தாள். தாளை நான்தான் விரித்துக் காட்டினேன்.

மார்ச் 28

அலமாரி நகரவில்லை. சொல்வதற்கு ஆளில்லை. விடுப்பை ரத்துசெய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மேஜையில் சாப்பாடு மூடிவைத்திருந்தது. கேட்காதே என்று கத்தியும் விடாமல் கேட்டவள், இப்போது கேட்பதில்லை. வீடு முழுக்க என் வால்வுச் சத்தம்தான். இதைத்தானே கேட்டாய், வைத்துக்கொள்.

ஏப்ரல் 2, புதன்

கம்பெனி டாக்டரின் படிவத்தில் மாத்திரையின் பெயரையும் பதினோரு வருஷத்தையும் என் கையாலேயே எழுதினேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இனிக் குழிக்குள் இறங்கக்கூடாது. உடம்பு தேறியபிறகு புகார் மேஜை. வேலையை விட்டு எடுக்காததே பெரிது என்றார் குமாஸ்தா. பெரிதுதானாம். கம்பெனி வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம், அழுதேன்.

என் பூட்டை நெட்டையிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "எங்கிட்ட என் பூட்டு இருக்குண்ணே" என்றான். அந்தத் திமிர் நான் சொல்லிக்கொடுத்ததுதான். தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொள் என்றேன். சரி என்றான். இந்தத் தடவை மறுக்கவில்லை. அதுவும் சுருக்கென்றது.

ஏப்ரல் 9, புதன்

காலை: அவர்கள் கொடுத்தது ஐந்து. வேறொன்றுமில்லை. நாடி 63, நானே எண்ணி நானே தாளில் எழுதினேன். என் கட்டங்கள் கோணலாக இருக்கின்றன. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவள் பார்க்கிறாள், திருத்துவதில்லை.

சாயங்காலம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியிலிருந்து கொஞ்சம் வேகமாக எழுந்துவிட்டேன். பழைய பழக்கத்தில் கை சுவரைத் தொட்டது.

"தலை சுத்துதா?"

பேனாவை வைக்கவில்லை. தலையைத் தூக்கவில்லை. அட்டையைக் காட்டிய நாளிலிருந்து பத்தொன்பது நாளுக்குப் பிறகு.

இல்லை என்றேன்.

அவள் நம்பவில்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.