பிராக்டனின் ஞாபகசக்தி

ஜனவரி 9, வியாழன்

கோச் பிராக்டனின் உதவியாளன் ஃபோன் செய்தான். என் மகன் டெவரிஸைத் தங்கள் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு விளையாட அழைக்க, ஞாயிறு மாலை கோச்சே வீட்டுக்கு வருகிறாராம். என் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், எங்கள் போதகர் யார், நாயின் பெயர் என்ன - எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டான்.

இதுதான் ஊர் மெச்சும் ஞாபகசக்தியா! "ஒரு பையன் பேரையும் மறக்காதவர், பெத்த அப்பன் மாதிரி பார்த்துக்குவார்" - மிசிசிப்பி முழுக்க இதே பாட்டு. இருக்கட்டும், சோதித்துப் பார்ப்போம். நாயின் பெயர் டியூக் என்று பொய் சொல்லிவிட்டேன். பிஸ்கட் என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரி 10

தம்பி லூஷியஸையும் வரச் சொன்னேன். பிராக்டனிடம் மூன்று வருடம் விளையாடியவன். முழங்கால் போனதும் உதவித்தொகையை நிறுத்தி, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அன்றிலிருந்து கைத்தடிதான். ஆனாலும் அந்த ஆளோடு எடுத்த படத்தை இன்னும் கூடத்தில் ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறான்.

"நல்லா ஆடுறவங்களத்தான் அவரு புலின்னு கூப்பிடுவாரு, அக்கா. என்னை அப்படித்தான் கூப்பிட்டாரு."

பைத்தியக்காரன்.

ஜனவரி 12, ஞாயிறு

வந்தார். வறுத்த கெளுத்தி மீனை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"வெர்டெல் அம்மா, பையன என்கிட்ட விடுங்க. என் சட்டையப் போட்ட ஒருத்தனையும் நான் மறந்ததில்ல." பிறகு, "டியூக், வாடா!" பிஸ்கட் அசையவில்லை. "என்னடா புலி, வெட்கமா?" என்று அதன் தலையைத் தடவினார்.

நாயும் புலி!

லூஷியஸ் எதிரில்தான் இருந்தான். முடி வெட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு. கடைசியில் அவன் பக்கம் திரும்பி, "சார், நீங்களும் ஏதாச்சும் விளையாடியிருக்கீங்களா?" என்றார்.

"கொஞ்ச காலம். முட்டி போயிடுச்சு."

"அடடா. கடவுள் பார்த்துப்பாரு, புலி." தோளில் ஒரு தட்டு. அடுத்த நிமிடம் இனிப்புக்குக் கை நீட்டினார்.

இனிப்பைத் தட்டோடு அந்தத் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். லூஷியஸைப் பார்க்க முடியவில்லை. யாரை அசிங்கப்படுத்த அவனைக் கூப்பிட்டேன், கடைசியில் அசிங்கப்பட்டது யார்?

ஜனவரி 13

பிராக்டனிடம் போவதைப் பற்றிக் கேட்டால் டெவரிஸ் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

ஜனவரி 21

லூஷியஸ் வந்து டெவரிஸுக்குப் புத்தி சொல்கிறான். "எனக்காகப் பார்க்காத மாப்ள. அவரு ஜெயிக்க வைப்பாரு. போ."

ஜெயிக்க வைப்பார், சரி. அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. அப்பன் மாதிரியாம், அப்பன்! எந்த அப்பன் பிள்ளைக்கும் நாய்க்கும் ஒரே பெயர் வைப்பான்?

ஜனவரி 24

கடற்கரைப் பக்கத்துச் சின்னக் கல்லூரியின் கோச் வந்தார். டெவரிஸின் பெயரைத் தப்பாகச் சொல்லி, வெட்கப்பட்டு, திரும்பக் கேட்டுக்கொண்டார். லூஷியஸின் முட்டியைப் பற்றி ரொம்ப நேரம் விசாரித்தார். இதுவும் நடிப்போ? தெரியவில்லை. இப்போதெல்லாம் யாரையும் நம்ப வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

பள்ளி ஜிம்மில் மேசைமேல் இரண்டு தொப்பிகள். எதைத் தலையில் வைக்கிறானோ அந்தக் கல்லூரி. ஊரே கூடியிருந்தது. டெவரிஸின் கை பிராக்டனின் சிவப்புத் தொப்பிமேல் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பச்சையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

கடற்கரைக் கல்லூரி! என்ன திமிர் பார் பிள்ளைக்கு. கட்டிக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 6

ரேடியோவில் பிராக்டன் பேசினார். "நல்ல பையன், நமக்குக் கிடைக்காதது வருத்தந்தான். அந்த வீட்டு மீனையும், அவங்க நாய் டியூக்கையும் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

லூஷியஸ் இருமல் வரும்வரை சிரித்தான். கிளம்பும்போது வாசலில் நின்றான்.

"அக்கா, டெவரிஸ் பச்சைத் தொப்பியோட இருக்கிற படம் ஒண்ணு குடு. கொஞ்சம் பெருசா."

"எதுக்குடா?"

"வீட்டுல ஒரு ஃபிரேம் காலியா இருக்கு."