விழுங்காத குளிசைகள்

மச்சாள்,

இன்றைக்குக் கிளினிக்கில் புது இரும்புச்சத்துக் குளிசைப் பெட்டியை உடைத்தபோது அந்த இரும்பு மணம் மூக்கில் ஏறியது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய கர்ப்பிணி ஒருத்தி முன்னால் நின்றாள். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், இரத்தமில்லாமல் வெளிறிக் கிடந்தது. "குளிசை போட்டாச் சத்தி வருது மிஸ், வயித்தப் பிரட்டுது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல, உன் மேல்.

சுனாமிக்குப் பிறகு முகாமில் நீ இந்த ஒரு சொல்லைச் சொல்லவே இல்லை. மூத்தவனைக் கடல் கொண்டுபோய் ஆறு மாதம் ஆகவில்லை, கைப்பிள்ளை பால்குடி மறக்கவில்லை, அதற்குள் வயிற்றில் இன்னொன்று. "கொஞ்சம் பொறுத்திருக்கலாமேகா" என்று வாய்விட்டேன்.

"போன புள்ளதான் திரும்பி வாறான் மச்சாள். உங்களுக்கு விளங்காது."

உன் புருசன், என் தம்பி, வாவியில் பிடித்து வந்த மீனை நீ தொடவே இல்லை. "கடலும் வாவியும் ஒரே தண்ணிதான். அதுக்குள்ளதான் என்ட புள்ள கிடக்கான்" என்றாய். வெறும் சோறும் பருப்பும், கையோடு ஒரு தேத்தண்ணியும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! பூச்சிக் குளிசை தந்தேன். காலால் ஏறி இரத்தம் உறிஞ்சும் புழுவுக்குப் பயந்து செருப்பும் வாங்கித் தந்தேன். நீ வெறுங்காலோடுதான் திரிந்தாய்.

கிழமைதோறும் குளிசை அட்டையை வாங்கி எண்ணுவேன். கணக்குச் சரியாகத்தான் இருக்கும். நீ போன பிறகு கூடாரத்தைத் துப்புரவாக்கினால் பாய்க்கடியில் ஒரு பை நிறையக் குளிசை! நான் ஏசுவேன் என்று நாளுக்கொன்றாகக் கழற்றி ஒளித்திருக்கிறாய். ஏன்கா? குடிக்க முடியவில்லை என்று ஒரு சொல் சொன்னால் வேறு வழி பார்த்திருக்க மாட்டேனா?

பிள்ளை சுகமாய்ப் பிறந்தது. பெண். உனக்கு இரத்தம் போனது, அதோடு நீயும் போய்விட்டாய். "மற்றப் பொம்பிளையள் தாங்கிற அளவுதான். இவவுக்குத் தாங்க உடம்பில இரத்தமில்லை" என்றார் டொக்டர்.

தம்பியை ஏசினேன். உன்னைப் பெற்றவளையும் விடவில்லை. ஏசி ஓய்ந்த பிறகுதான் என் பிழை தெரிந்தது. முகாமுக்கு வந்த நாளெல்லாம் நின்றபடியே உன்னை அதட்டிவிட்டுப் போனேன். ஒருநாளாவது பக்கத்தில் குந்தி, மூத்தவனைப் பற்றி உன்னைப் பேச விட்டேனா?

இப்போது மருத்துவிச்சியாய் எந்த வீட்டுக்குப் போனாலும், கொப்பியைத் திறக்கமுன் நிலத்தில் குந்திவிடுகிறேன். "சொல்லு புள்ள" என்பேன். சிலர் அழுவார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு குறைவாகவா வீடு பார்ப்பது என்று மேலிடத்தில் ஏச்சு விழுகிறது.

ஏசட்டும், மச்சாள். நான் எழும்புவதாயில்லை.