ஏழுல போகும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பதறாமல் படி, நல்ல செய்திதான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியை விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அம்மா தலையில் இருந்த கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஆனால் கண் விழித்தவள் என்னை "சார்" என்று கூப்பிட்டாள். டாக்டர் நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொறுத்துப் பாக்கலாம்" என்றார் அவர். நான் வராந்தாவில் போய் நின்றேன். சுவரில் இருந்த சுவிட்சுப் பெட்டியில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தாலே சொல்லிவிடுவேன். இவளுக்குள் எது அறுந்தது என்று யாரைக் கேட்பது?

நேற்றுக் காலை மருந்து கொடுக்க வந்த நர்ஸ், அம்மாவின் மணிக்கட்டுப் பட்டையில் இருந்த எண்ணைச் சரிபார்க்க உரக்கப் படித்தார்: "ஏழு மூணு எட்டு, ஏழு மூணு எட்டு."

அம்மா மெதுவாக, "ஏழுல போகும்" என்றாள்.

ஏழாம் நம்பர் பஸ்ஸைச் சொல்கிறாள் என்று நினைத்து, "எங்கயும் போக வேணாம்மா, படுத்துக்கோ" என்றேன். "பதினொண்ணுலயும் போகும், பதிமூணுலயும் போகும்" என்றாள். எல்லா பஸ்ஸிலும் அப்புறம் போகலாம் என்று நர்ஸ் சமாதானம் சொன்னார். வந்ததே கோபம் உன் அம்மாவுக்கு! "மக்கு மாதிரி முழிக்காதீங்க. வகுத்துப் பாருங்க, மீதி வராது!"

அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! போனில் கால்குலேட்டரை எடுத்தேன். முதலில் தப்புத் தப்பாகத் தட்டினேன். ஏழு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று முப்பத்தெட்டை ஏழால் வகுத்தால் மீதி இல்லை. பதினொன்றாலும் இல்லை, பதிமூன்றாலும் இல்லை. அவளே விளக்கினாள்: மூன்று இலக்க எண்ணை அப்படியே இரண்டு தடவை எழுதினால், அதை ஆயிரத்தொன்றால் பெருக்கிய மாதிரியாம். ஏழையும் பதினொன்றையும் பதிமூன்றையும் பெருக்கினால் வருவதுதான் ஆயிரத்தொன்றாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் சொல்லுமாம். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். நர்ஸ் முதலில் தண்ணீர் கொடுத்தது எனக்குத்தான்.

டாக்டர் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இனிமே ஒண்ணொண்ணா வரும்" என்று என் தோளைத் தட்டினார். இன்று அவளே ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டாள். உப்பு இல்லை என்று குறை வேறு. நானும் வயிறாரச் சாப்பிட்டேன்.

பெயர்கள்தான் இன்னும் சரியாக வரவில்லை. சாயங்காலம், "பரீட்சை எழுதப் போயிருக்கே, அந்தப் பொண்ணு... சாப்பிட்டுதா?" என்று கேட்டாள். சாப்பிட்டிருக்கும் என்றேன்.

பரீட்சையை நல்லபடியாக முடித்துவிட்டே வா. நீ நிம்மதியாக எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை அவள் காதில் வைக்கிறேன். எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும் திருத்தாதே கண்ணு. "என்னம்மா" என்று மட்டும் கேள்.

உன்
அப்பா