மேல் வயலுக்கு வேலி வேண்டாம்

அன்பு மகன் காஞ்சாவுக்கு அம்மா எழுதுவது, நானும் உன் பெண்டாட்டி மன்ரூபாவும் இரண்டு ஆடுகளும் நலம், அந்தக் கத்தார் வெயிலில் நீயும் நலமாக இருக்கக் குலதெய்வம் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், கடிதம் என்றால் முழுசாகக் கேட்டுத்தானே ஆகவேண்டும். அதனால் அங்கே வேலைக்கு வரும் பக்கத்து வீட்டுப் பூர்ணகலாவின் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே நீ கேட்ட, புளிக்கவைத்து உலர்த்திய குந்த்ருக் கீரையும்.

மேல் வயலில் முளைத்த காட்டை வெட்டிக் கம்பி வேலி போட வேண்டும், அதற்காக இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கிறேன் என்று மன்ரூபாவிடம் சொன்னாயாம். அவள் அழவில்லை, விளக்கிய பாத்திரத்தையே திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தாள். வேலி வேண்டாமடா. ஆண்பிள்ளைகள் எல்லாரும் விமானம் ஏறிவிட்டீர்கள், பெண் ஏரைத் தொட்டால் மழை பொய்க்கும் என்கிற ஊர் இது, பிறகு யார் உழுவது? யாரும் நடாமலே உத்திஸ் மரங்கள் கூரை உயரம் நிற்கின்றன. உன் அப்பா கல் அடுக்கிக் கட்டிய நிலம், எனக்கும் முதலில் வயிறு எரிந்தது. ஆனால் மரம் வந்தபின் கீழே வற்றிக்கிடந்த ஊற்று பிழைத்துக்கொண்டது. முன்பெல்லாம் சைத்ர மாதம் வந்தால் ஆற்றுக்கு இறங்கிக் குடம் சுமந்தே என் முழங்கால் தேய்ந்தது, இந்தச் சைத்ரத்தில் வீட்டுப் பக்கத்திலேயே தண்ணீர். அந்த மரங்களை வெட்டவா நீ அங்கே வேகிறாய்?

குரங்குத் தொல்லை உண்மைதான், காட்டோடு அவையும் இறங்கி வந்துவிட்டன. பெண்கள் கல் எறிந்தால் பல்லைக் காட்டுகின்றன, ஆண் தலை தெரிந்தால்தான் ஓட்டம். அதனால் இப்போது ஊரில் நாங்கள்தான் ஆம்பளைகள். உன் பழைய பேண்ட், சிவப்புச் சட்டை, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு கீழ் வயலில் சோளத்துக்குக் காவல் நிற்கிறேன். பூர்ணகலா, மீசை இல்லேன்னா குரங்கு மதிக்காதுக்கா என்று கரியால் மீசை வேறு வரைந்துகொள்கிறாள். போன வாரம் எதிர்மலைக் கடைக்காரி என்னைப் பார்த்துவிட்டு, ஏ மன்ரூபா, உன் வீட்டுக்காரன் வந்துட்டான்டி, சோளத்துக்குள்ள நிக்கிறான் என்று கூவிவிட்டாள். மாவுக் கையோடு, செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள் அந்தப் பெண். தொப்பியைக் கழற்றிக் காட்ட நினைத்தேன், கை எழவில்லை. கிட்டே வந்து முகத்தைப் பார்த்தவள், நீங்களா அத்தை, நல்லாத்தான் பொருந்துது என்று சிரித்தாள். தொப்பியை என் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அதை எனக்குத் தருவதில்லை, நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குரங்கு விரட்டுகிறேன்.

கீழ் வயல் சோளம் நமக்குப் போதும். நீ முதலில் சொன்னபடி தசைன் பண்டிகைக்கே வந்துவிடு, போன் வழியாக உன் நெற்றியில் திலகம் வைக்க எனக்குத் தெரியாது. மலைபோல் ஆயுளும் குறையாத சோறும் உனக்கு அமையட்டும். வெயிலில் தலையை மூடிக்கொள், தண்ணீர் குடி. டிக்கெட் எடுத்ததும் எனக்குச் சொல்லாதே, முதலில் மன்ரூபாவிடம் சொல்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அஸார்மதி