வாபஸ் வாங்கச் சொன்னார்கள்

அன்புள்ள சாபிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முட்டிவலி குறைந்ததா? கான்பூரில் நான் நலமே. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நீ வார்டு தேர்தலுக்கு மனுத்தாக்கல் செய்ததைப் பற்றி, நம் கட்சியின் நகரச் செயலாளரான தம்பி இர்ஃபான் நேற்று அழைத்தான்.

"மஷூரா கூட்டத்துல கலந்து பேசி, வார்டுக்கு ஒரே ஆளுதான் நிக்கணும்னு முடிவு பண்ணிட்டோம்ணே. அண்ணிய வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

"கூட்டத்துக்கு அவளக் கூப்ட்டீங்களா?"

"பொம்பளைங்கள இன்னாத்துக்குண்ணே?"

ஜனநாயகத்தை மார்க்கமே கற்பித்தது என்று மேடைதோறும் முழங்கும் கட்சி, ஒரு போட்டிக்கு அஞ்சுகிறது. சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

விடுப்பு மறுக்கப்பட்டது. வாக்களிக்க மேல்விஷாரம் வர இயலாததே என் வருத்தம். எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. தனியே உண்பது சலிக்கிறது.

ஷிஃப்டுக்கு நேரமாயிற்று. வாபஸ் வாங்கு என்றோ வாங்காதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. மனு உன்னுடையது.

உன்,
கஃபூர்