அழிந்துபோன கோணங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

ஆயிரக்கணக்கான கோணங்களை வரிசையாகக் கொடுத்தால் ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் சைன், கொசைன் கணக்கிட்டுத் தரும் நிரலை இங்கே நான்தான் எழுதுகிறேன். அதை வைத்து ஒரு இயந்திரக் கையை அசைக்கிறார்கள். நேற்று அந்தக் கை தப்பான பக்கம் திரும்பி, மேனேஜரின் காபியைத் தட்டிவிட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே.

"உன் கணக்கு தப்பு" என்றார், எல்லார் முன்னாலும். கணக்கு சரிதான் அம்மா. கணினி நினைவகத்தில் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று, கோணங்கள் இருந்த இடத்திலேயே சைன் விடைகளை எழுதவைத்தவர் அவர். பிறகு அங்கிருந்தே கொசைனும் கேட்டிருக்கிறார். சைன் எழுதியதுமே அழிந்துபோன கோணம் அங்கே ஏது? எடுத்துக் காட்டினேன். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். "முதல்ல கோணத்த நகல் எடுத்து வச்சுக்குங்க சார்" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது யாராம்?

என் பச்சைப் போர்வையை அனுப்பிவை. இங்கே வாங்கியது உடம்பெல்லாம் குத்துகிறது.

பஸ் வந்துவிட்டது, இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அறையைத் தம்பி எடுத்துக்கொள்கிறானாமே. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? சரி, எடுத்துக்கொள்ளட்டும். என் சாமான்களை வேறிடத்தில் பத்திரமாக வைத்த பிறகு அவனுடையதை வைக்கச் சொல். நான் வந்து தேடும்போது, அந்த வீட்டில் நான் இருக்க வேண்டும்.

உன் மகள்