அயர்லாந்துத் தலைவரும் எங்கள் வாசல் விளக்கும்

திங்கள், 14 நவம்பர் 1988

மழை. இந்தக் கொப்பியில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன், எனக்குப் பாதகமானதையும்.

வெள்ளி வகுப்பில் நான் பேச வேண்டியது: அயர்லாந்துத் தலைவர் ஒருவரின் வாழ்க்கை. நூலகத்தில் இரண்டு புத்தகம் கிடைத்தது. விவசாயி மகன். சிறு வயதிலேயே லண்டனில் தபால் வங்கி எழுத்தர். பிறகு ஆங்கிலேயருக்கு எதிராக மறைந்திருந்து போர். பிறகு அவர்களோடு பேச்சு, பாதி விடுதலைக்குக் கையெழுத்து. கூட நின்றவர்கள் இரண்டாக உடைந்தார்கள். மறுபக்கம் போனவர்கள் அவரின் சொந்த ஊர்ப் பக்கமே பதுங்கியிருந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பத்தொன்று. ஏறக்குறைய மாமாவின் வயது.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறார். ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிவிட்டுப் பிந்தி வருவார். அதுவரை வாசல் விளக்கு எரியும். கடைசியாக வருபவர்தான் அணைப்பது.

புதன், 16

அம்மாவோடு ரூ காய் தெருத் தமிழ்க் கடைகளுக்கு. கத்தரிக்காய், மீன். மாமாவுக்கு லீவு.

சாப்பிட்டபின் என் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் பிரெஞ்சு விளங்காது, அதனால் தமிழில். அங்கேதான் பிழை விட்டேன். தமிழில் அது அயர்லாந்தாகவே கேட்கவில்லை. போன வருடம் ஊர்ப் போரை நிறுத்த வந்த ஒப்பந்தம் போதும் என்பவர் அப்பா. அது துரோகம் என்பவர் மாமா. இதுவரை பகிடியோடு முடிந்துவிடும்.

"இதை ஆர் எழுதித் தந்தது?" மாமா என்னிடம் கேட்டார். பார்த்தது அப்பாவை.

புத்தகங்களைக் காட்டினேன். மாமா என் பக்கம் திரும்பவில்லை.

"பிள்ளையை வைச்சோ எனக்குப் புத்தி சொல்லுறியள், அத்தான்?"

"நான் ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லை," என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அவள் எழுதினதிலை பிழையில்லை."

மாமா பையை எடுத்தார். சார்செலில் சிநேகிதர் வீடு இருக்கிறதாம். அம்மா சோறு கட்டிக் கொடுத்தார். வாங்காமலே போய்விட்டார்.

வியாழன், 17

காலையிலும் வாசல் விளக்கு எரிந்தபடி. ஒருவரும் அணைக்கவில்லை. மாமாவின் பல் பிரஷ் இங்கேதான். வருவார் என்றுதானே அர்த்தம்?

வெள்ளி, 18

பேசினேன். வகுப்பு மதாம் நன்று என்றார். பிறகு அந்த இரண்டு பக்கமும் சமாதானமானதா என்று முன்வாங்கு எலன் கேட்டாள். தெரியாது என்றேன். புத்தகத்தில் அந்த இடம்வரை நான் வாசிக்கவில்லை.

அம்மா தெருமுனைக் கூண்டிலிருந்து சார்செலுக்கு ஃபோன் எடுத்துவிட்டு நனைந்து வந்தார்.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் வந்திடுவான்," என்றார் அப்பாவிடம்.

"நான் என்ன பிழை சொன்னனான்?"

அப்பா எழும்பி வாசலுக்குப் போனார்.

"அவன் இன்னும் வரேல்லை," என்றார் அம்மா.

அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.